ஞாயிற்றுக்கிழமைத் தொட்டி

கோடை விடுமுறை விட்டதிலிருந்து அருணாதேவி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் சோறு வடிக்கவில்லை என்பது ஆமத்தூருக்கே தெரிந்த சேதி. முதலில் செண்பகத்தோப்பு ஓடை. அடுத்தது ராஜபாளையத்துப் பக்கம் அருவி. அங்கே தண்ணீரைவிட ஆள்தான் அதிகமாக விழுந்தது. போன வாரம் வெம்பக்கோட்டை அணை. அணைக்கரையில் நாகையா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக் கெண்டை மீனைப் பொரித்துப் போட்டதும், அருணாதேவியின் கணவன் அழகுராஜா கூச்சநாச்சமில்லாமல் மறுபடி மறுபடி கையை நீட்டியதும் உங்களுக்கு மறந்திருக்காது.

அங்கேதான் அருணாதேவி வாயை விட்டாள். "எப்பப் பாத்தாலும் நீங்களே ஆக்கிப் போடுறீக. அடுத்த வாரம் எங்க தோட்டத்துக்கு வாங்க. பம்புசெட்டுல குளிப்போம், கறிக்குழம்பு வைப்போம்" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அருணாதேவி கணக்கு எழுதுகிறாள். அதே கம்பெனியில் டிசைன் செய்கிறவள் இசைவாணி. வயதில் சின்னவள், வாயாடி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், மனசில் பட்டதை யோசிக்காமல் பேசுவதற்கு அருணாதேவிக்கு வாய்த்த ஒரே ஆள் அவள்தான். பொங்கலுக்குப் பிறகு அருணாதேவி ஆபரேஷன் ஆகி விருதுநகரில் படுத்துக் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆப்பிள் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூடவே இருந்து, பீத்துணி முதற்கொண்டு அலசிப் போட்டவள் இசைவாணியின் அம்மா வள்ளித்தாய்.

வள்ளித்தாய்க்கும் அவள் கணவர் நாகையாவுக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீடு திருத்தங்கலில். அவர்களுக்கு முந்தின தலைமுறை, பிறர் நிலத்தில் கூலிக்கு நின்ற தலைமுறை. அழகுராஜாவின் குடும்பம் நிலத்தை வைத்துக்கொண்டு வேலை வாங்கிய குடும்பம். இதையெல்லாம் இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செண்பகத்தோப்பிலும் வெம்பக்கோட்டையிலும் அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை. அது அரசாங்கத் தண்ணீர். தோட்டத்துத் தண்ணீர் அப்படி இல்லையே.

தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் அழகுராஜாவுக்கு முறை, மறுநாள் அவன் அண்ணன் மொக்கைச்சாமிக்கு. பொழுது சாயும்போது முறை கைமாறும். முறையை விடுகிறவன் தொட்டியை நிறைத்துவைத்துவிட்டுப் போக வேண்டும். அது அவர்கள் அப்பா காலத்துச் சட்டம். தொட்டி ஒரு சாண் குறைந்தாலும் மொக்கைச்சாமி வரப்பில் நின்று ஊரைக் கூட்டுவார். ஒரு வாளித் தண்ணீருக்காகச் சொந்தத் தம்பியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்த மனிதர்.

அந்த ஞாயிறு அழகுராஜாவின் முறை. மொக்கைச்சாமி மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்பதும் தெரியும். அதனால்தான் அழகுராஜா, "வரச் சொல்லு, வரச் சொல்லு, அதுல என்ன இருக்கு" என்று தாராளமாகத் தலையை ஆட்டினான்.

அருணாதேவிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்த ஒரு நாள் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் போய்விட வேண்டும். இசைவாணி என்கிற பிள்ளை தன்னை விட்டுப் போய்விடக் கூடாது.

*

சனிக்கிழமை சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் மகள் பாண்டிமீனாவுமாகத் தொட்டிக்குள் இறங்கி, தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். விடியற்காலை கரண்டில் மோட்டாரைப் போட்டு நிறைத்தார்கள். அடியில் கிடக்கும் காசு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவு.

விருந்தாளிகள் காலையிலேயே வந்துவிட்டார்கள். நாகையா தன் மொபெட்டில், பின்னால் ஒரு கொத்து நுங்கு கட்டியிருந்தது. இசைவாணியின் ஸ்கூட்டரில் வள்ளித்தாய், மடியில் ஒரு தூக்குவாளி.

"வாங்க, வாங்க" என்றான் அழகுராஜா. வெம்பக்கோட்டையில் "மாமா, இன்னொரு மீனு" என்று கேட்ட வாய் அது. இங்கே அந்த மாமா வரவில்லை. நாகையா கவனித்தாரோ இல்லையோ, அருணாதேவி கவனித்தாள்.

"ஏக்கா, தொட்டி என்னக்கா இப்படி மினுங்குது?" என்றாள் இசைவாணி.

"நேத்துதான் உங்களுக்காகத் தேச்சுக் கழுவினோம். என் கையைப் பாரு, கொப்புளம்" என்று பெருமையாக உள்ளங்கையை நீட்டினாள் அருணாதேவி.

வேப்பமரத்து நிழலில் அடுப்புக் கூட்டியிருந்தது. நாகையா நேராக அங்கே போய்க் குத்தவைத்தார். "ஆறு நாளு தீப்பெட்டியத் தொடக் கூடாத வேலை. வாசல்லயே தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவான். ஞாயித்துக்கெழமை ஒரு நாளு அடுப்பு பத்தவச்சாத்தான் எனக்கு லீவு விட்ட மாதிரி இருக்கும்" என்று தீப்பெட்டிக்குக் கையை நீட்டினார்.

"நீங்க உக்காருங்க. வந்த எடத்துல நீங்க எதுக்கு? அருணா பாத்துக்கிடும்" என்றான் அழகுராஜா. தீப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

உபசாரம் மாதிரித்தான் இருந்தது. நாகையாவும் சிரித்துக்கொண்டே எழுந்து கட்டிலில் போய் உட்கார்ந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், நடுவில் உட்காரவில்லை.

அருணாதேவி வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டுக்கு வாழை இலை வாங்கியிருந்தாள். தண்ணீர் குடிக்கக் காகித டம்ளர். எல்லோருக்கும் ஒரே மாதிரி. விருந்து என்றால் இலைதானே அழகு என்று கடையில் நின்றபோது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் எவர்சில்வர் தட்டு அடுக்கடுக்காக இருப்பதை நினைத்துக்கொள்ளவில்லை. நினைக்காமல் இருப்பதற்கு அவள் கொஞ்சம் சிரமப்பட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

பாண்டிமீனாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கறி கொதிப்பதற்குள் அவளும் இசைவாணியும் தொட்டிக்குள் குதித்தாகிவிட்டது. குழாயிலிருந்து விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்துக் கத்துவதும், வெளியே நிற்கிறவர்கள் மேல் வாரி இறைப்பதும், தோட்டமே அமளிப்பட்டது. நாகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நின்று குளித்தார். அழகுராஜா கரையில் நின்றபடி நுங்கு சீவினான். வெயில் கரிசல் காட்டில் கானலாக நடுங்கிக்கொண்டிருந்தது.

வள்ளித்தாய் மட்டும் தொட்டிக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் மக்.

"எறங்குங்கம்மா" என்றாள் அருணாதேவி.

"இருக்கட்டும் தாயி. நான் இங்கனக்குள்ள நின்னே மோந்து ஊத்திக்கிடுறேன்."

"இந்த வெயில்ல மக்குல ஊத்துனா எப்படிக் காணும்? எறங்குங்கம்மா, நான் சொல்றேன்ல."

"அம்மாச்சி, பயமா இருக்கா?" என்று பாண்டிமீனா கையைப் பிடித்து இழுத்தாள். "இடுப்பளவுதான். நான் பிடிச்சுக்கிடுறேன், வாங்க."

வள்ளித்தாய் ஒரு தடவை அழகுராஜாவைப் பார்த்தாள். அவன் நுங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலையைச் செருகிக்கொண்டு, தொட்டிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்து முங்கினாள். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. பிறகு அவளை வெளியே வரவைக்க ஒருவராலும் முடியவில்லை. கறி வெந்துவிட்டது என்றார்கள், வரவில்லை. கரண்ட் போய்க் குழாய் நின்றது, அப்போதும் வரவில்லை. நிறைந்த தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து, பாதத்தைத் தேய்ப்பதும் முங்குவதுமாக இருந்தாள்.

அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அருணாதேவிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நான் செய்துவிட்டேன் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவள் தன்னைப் பற்றி ரொம்பவே உயர்வாக நினைத்துக்கொண்டாள்.

அழகுராஜா மட்டும் ஊர்ப்பாதையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தான்.

சாப்பாடு பிரமாதமாகத்தான் அமைந்தது. நாகையா இரண்டு முறை சோறு வாங்கினார். இசைவாணி, "அக்கா, கணக்கு எழுதுறதை விட்டுட்டு மெஸ்ஸு வைங்க, நான் போர்டு டிசைன் பண்றேன்" என்றாள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். வள்ளித்தாய் ஸ்கூட்டரில் ஏறுமுன் அருணாதேவியின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கிச் சொடுக்கினாள்.

"நல்லாயிரு தாயி" என்றாள்.

*

ஸ்கூட்டர் சத்தம் அடங்கியதும் அழகுராஜா, "அண்ணன் கல்யாண வீட்டுல இருந்து கெளம்பிட்டாராம். பொழுசாய வந்துருவாரு" என்றான்.

"வரட்டும். தொட்டி நெறையத்தான இருக்கு?"

"நெறைய இருந்தா?" அவன் குரலைத் தணித்தான். பாண்டிமீனா வேப்பமரத்து ஊஞ்சலில் இருந்தாள். "அந்தத் தண்ணியத்தான் அவரு மோந்து மூஞ்சி கழுவுவாரு. அவரு வீட்டுல இருந்து குடத்தத் தூக்கிட்டு வருவாக. ஊருக்குள்ள எவனாவது போட்டுக் குடுக்காம இருப்பானா? என்னால அவருகிட்ட மல்லுக்கட்ட முடியாது, அருணா. தொறந்து விட்டுருவோம். கரண்டு இல்ல, மறுபடி நெறைக்க முடியாது; அவருக்கு நானே சமாதானம் சொல்லிக்கிடுறேன்."

"இம்புட்டுத் தண்ணியையுமா?"

"கத்திரிக்காய்க்குத்தான பாயப் போகுது. வீணாவா போகுது?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்டிருப்பான்; பெண்டாட்டி பேச்சைத் தட்டுகிற ஆள் இல்லை அழகுராஜா. ஆனால் அருணாதேவியின் புத்தி அதற்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டது. பெரியவர் வந்து சத்தம் போட்டால் அது ஊர் பூராவும் பரவும். திருத்தங்கலுக்கும் போகும். இசைவாணி காதில் விழும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏது, வெம்பக்கோட்டை ஏது? இப்போது சத்தமில்லாமல் கழுவிவிட்டால் யார் மனசும் நோகாது. அவர்களுக்காகத்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள்.

தொட்டிக்குள் குனிந்து, ஓட்டையை அடைத்திருந்த துணி சுற்றிய கட்டையை அவளே உருவினாள்.

தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒரு மாதமாக மழை முகம் பார்க்காத வாய்க்கால். கத்திரிச் செடிகளின் தூரெல்லாம் கருத்தது.

"ஏம்மா தொறந்து விடுறீக?" பாண்டிமீனா ஊஞ்சலை விட்டு ஓடி வந்துவிட்டாள்.

"பாசிடீ."

"நேத்துதானம்மா தேச்சோம்?"

"சொன்னா கேளு. போயி பாத்திரத்த அடுக்கு."

பிள்ளை போகவில்லை. அங்கேயே நின்று, தண்ணீர் குறையக் குறைய வெளியே தெரிகிற தொட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அருணாதேவி சேலையை வரிந்துகொண்டு உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடரைத் தூவித் தென்னை விளக்குமாற்றால் வரக்கு வரக்கென்று தேய்க்க ஆரம்பித்தாள். சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. நேற்றுப் பட்ட கொப்புளம் உடைந்து எரிந்தது.

அந்தச் சத்தத்தில் ஸ்கூட்டர் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

"அக்கா."

நிமிர்ந்தாள். தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இசைவாணி நின்றிருந்தாள். தலைமுடி இன்னும் காயவில்லை.

"அம்மாவோட மெட்டி ஒண்ணக் காணோம்க்கா. வீட்டுக்குப் போனப்புறந்தான் பாத்தாக. பாதத்தத் தேச்சுக்கிட்டே இருந்தாகல்ல, தொட்டிக்குள்ளதான் கெடக்கும்னு..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது. காலியான தொட்டியைப் பார்த்தாள். விளக்குமாற்றைப் பார்த்தாள். மூக்கு லேசாகச் சுருங்கியது; பிளீச்சிங் பவுடர் வாடை அந்த இடம் பூராவும் அடித்தது.

அருணாதேவிக்கு உடம்பெல்லாம் கூசியது. சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. அதைக்கூட இறக்கிவிடத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே செத்துப்போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"பாசி... வழுக்குதுன்னு... பிள்ளைக விழுந்துரும்னு..." என்றாள்.

காலையில் இதே வாய்தான் கொப்புளத்தைக் காட்டிப் பெருமை அடித்தது.

இசைவாணி அவளையே பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "வழுக்கத்தான் செஞ்சுச்சு. நானே ரெண்டு தடவ தடுக்குனேன்."

பொய். தன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று அருணாதேவிக்குப் புரிந்தது. அதற்குப் பதில் இசைவாணி கோபமாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அழகுராஜா மோட்டார் ரூமுக்குள் போனவன் போனவன்தான், வெளியே தலைகாட்டவில்லை.

"மெட்டி தண்ணியோட போயிருக்கும். வாய்க்கால்ல தேடுவோம்" என்று அருணாதேவி அவசரமாகத் தொட்டியிலிருந்து ஏறினாள். அப்போதுதான் வரப்பில் மொக்கைச்சாமியின் மொபெட் வந்து நின்றது.

கல்யாண வீட்டுப் பட்டுக்கரை வேட்டியோடு இறங்கினார். நேராகத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"யாருத்தா இந்தப் பிள்ளை?" என்றார்.

"கூட வேலை பாக்குற பிள்ளை, மச்சான்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். யார் மகள் என்று சொல்லவில்லை. இசைவாணி அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"ஊருக்குள்ள நொழையயிலயே சொல்லிட்டானுக. தோட்டத்துல எவனெவனோ வந்து தொட்டிக்குள்ள எறங்கிக் கும்மாளம் போடுறாகன்னு. ரெண்டுல ஒண்ணு பாத்துப்புடணும்னுதான் வந்தேன்." மொக்கைச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பரவாயில்லை. சுத்தபத்தமா கழுவி விட்டுட்டே. அழகுராஜா பயலுக்குத்தான் கூறு இல்லை. எங்க வீட்டுக்கு வந்தவள்ல நீ ஒருத்திதான் முறைமை தெரிஞ்சவ."

அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொட்டி காலியா இருக்கேன்னு பாக்காதத்தா. தண்ணி போனாப் போகுது. மாட்டுக்கு நான் வேற எடத்துல காட்டிக்கிடுறேன்."

ஒரு வாளித் தண்ணீருக்கு ஆறு மாதம் பேசாமல் இருந்த மனிதர், ஒரு தொட்டித் தண்ணீரை இப்படிச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சோறாக்கி, சாணி அள்ளி, பிள்ளை பெற்று, அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை அவளுக்கு வந்ததில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம் போல் இருந்தது அருணாதேவிக்கு. அப்படி இல்லை மச்சான், அவர்கள் என் விருந்தாளி என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல், முழங்காலுக்கு மேலே கிடந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

இசைவாணிதான் பேசினாள்.

"நான் திருத்தங்கல் நாகையா மகதாங்க. தொட்டிக்குள்ள எறங்குனது நாங்கதான்."

மொக்கைச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் மாட்டுக் கொட்டிலைப் பார்த்து நடந்தார்.

"இசை..." என்று அருணாதேவி அவள் கையைத் தொடப் போனாள். தன் கையில் பிளீச்சிங் பவுடர் அப்பியிருந்ததைப் பார்த்து இழுத்துக்கொண்டாள்.

"மெட்டி கெடச்சா நாளைக்கு ஆபீஸ்ல குடுங்கக்கா" என்றாள் இசைவாணி. குரல் உடையவில்லை, முகம்தான் கல்லாக இருந்தது. "எங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிக்கிடாதீக. காலையில இருந்து அவுக சிரிச்சுக்கிட்டே இருக்காக."

ஸ்கூட்டரைத் திருப்பினாள். பாண்டிமீனா, "சித்தி, டாட்டா" என்று கையை ஆட்டியது. அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

*

அழகுராஜா மோட்டார் ரூமிலிருந்து மெதுவாக வெளியே வந்தான். "அண்ணன் ஒண்ணும் சொல்லலைல?" என்று கேட்டான்.

அருணாதேவி வாய்க்காலில் இறங்கி மண்டியிட்டாள்.

கரிசல் மண் தண்ணீர் குடித்துச் சேறாகிக் கிடந்தது. கைநிறைய அள்ளுவாள், பிசைவாள், போடுவாள். கத்திரிச் செடியின் முள் கையைக் கீறியது. பாண்டிமீனா அம்மாவின் செல்போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் அது இப்படிப் பேசாமல் இருந்ததே கிடையாது.

"நானும் வாரேன்" என்று அழகுராஜா வேட்டியை மடித்தான்.

"வேண்டாம்" என்றாள் அருணாதேவி.

மேற்கே வெளிச்சம் செத்துக்கொண்டு வரும் நேரத்தில், மூன்றாவது பாத்தியின் தலைமாட்டில், சருகோடு சருகாகத் தட்டுப்பட்டது. தேய்ந்துபோன சின்ன வெள்ளி மெட்டி. உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது. விரல் மெலிந்துவிட்டதால் கழன்று விழாமல் இருக்க வள்ளித்தாய் சுற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு அவள் படுத்திருந்தபோது இந்த மெட்டி விரலைத்தான் அருணாதேவி தினமும் பார்த்திருக்கிறாள்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி இசைவாணிக்கு அடித்தாள். மெட்டி கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கூடவே மற்றதையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்துபோய்ச் செய்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று கேட்டுவிட வேண்டும். போன் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தைகளை மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

"யாரு, அருணாவா?" எடுத்தது வள்ளித்தாய். "இசை குளிச்சுக்கிட்டிருக்கா தாயி. வந்ததுல இருந்து தலைக்கு ஊத்திக்கிட்டே இருக்கா. ஏண்டீ, அங்கனதான் நாள் பூராம் குளிச்சமேன்னா, ஒரே தூசிங்கிறா."

"அம்மா..."

"மெட்டி கெடச்சா கெடக்கட்டும், கெடைக்காட்டிப் போகட்டும். அதுக்காக நீ வாய்க்கால் வரப்பெல்லாம் அலையாத. ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு."

அருணாதேவி மெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் தாயி. அங்கன எல்லாரும் இருந்தாகளா, சொல்லக் கூச்சமா இருந்துச்சு." வள்ளித்தாயின் குரல் தணிந்தது. "கொமரிப் பிள்ளையா இருக்கயில மல்லாங்கிணத்துப் பக்கம் களையெடுக்கப் போவோம். உச்சி வெயில்ல தொட்டி நெறையத் தண்ணி கெடக்கும். கிட்டப் போகக் கூடாது. கைய ஏந்தி நிப்போம், மேல இருந்து ஊத்துவாக. எனக்கு ஒரே ஒரு ஆசை, ஒரு நாளு அதுக்குள்ள முங்கி எந்திரிக்கணும்னு. யாருகிட்டயும் சொன்னதில்லை, இசை அப்பாகிட்டக்கூட. இன்னிக்குக் கழுத்தளவு தண்ணிக்குள்ள உக்காந்துட்டேன். நீ எறங்குங்கம்மான்னு சொன்ன பாரு, அத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன்."

மொக்கைச்சாமி தூரத்தில் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. தொட்டி காலியாகக் கிடந்தது.

"ஏந்தாயி, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. வார ஞாயித்துக்கெழமையும் அங்கனயே வச்சுக்கிடுவமா? எங்க அக்காவையும் கூட்டிட்டு வாரேன். அவளும் என் கூடத்தான் களையெடுக்க வருவா. அவளும் ஒரு தடவ முங்கட்டும்."

அருணாதேவி வாயைத் திறந்தாள். ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. வாங்க என்ற ஒரு சொல்லும் வரவில்லை. பாண்டிமீனா டார்ச்சைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, சத்தத்தையே காணோம்? டவர் இல்லையோ?"

"ஆமாம்மா" என்றாள் அருணாதேவி. "இங்கன டவர் சரியாக் கெடைக்காது."

போனை வைத்துவிட்டாள். சேறு அப்பிய உள்ளங்கையில், உடைந்த கொப்புளத்தின் மேல், மெட்டி இருந்தது. அது கிடைத்ததைக்கூட அவள் சொல்லவில்லை.